வால் நறுக்கிய பட்டன் செல்

“என்னங்க, சோலைமலை மதியத்துக்குள்ள வந்துருவானாம். வாக்குக் குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது. இன்னொரு தடவ யோசிச்சுப் பாருங்க.”

சுருளிவேல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏலக்காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கேக்குதா?”

காம்பு கிள்ளும் சத்தம்தான் வந்தது.

“எங்கிட்டுக் கேக்கும்? நம்ம ஊரு அய்யனாரு குதிரைகிட்டச் சொல்லியிருந்தாக்கூட இந்நேரம் காத ஆட்டியிருக்கும்.”

செல்லத்தாய் இதைத் தனக்குள்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் தனக்குள் சொல்லிக்கொள்வது அடுத்த வீட்டு அடுப்படி வரைக்கும் போகும். இரண்டு வருசமாக வந்த பழக்கம் அது. புருசனுக்குக் காது மந்தமானதிலிருந்து, மனசில் இருப்பதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். சண்டையும் வராது, பாரமும் இறங்கிவிடும்.

ஊர் சிலமலை. தோட்டம் போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக்கு இறங்குகிற சரிவில். காய் எடுக்கிற காலத்தில் இரண்டு பேரும் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். இந்த வருசம்தான் தேனியில் போய்க் காதுக்கு மெஷின் வாங்கினார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி, பெரிய அவரை விதை அளவில். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சுருளிவேல் கேட்ட முதல் கேள்வி, “நம்ம மிக்சி இம்புட்டுச் சத்தமா போடும்?” என்பதுதான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் வலியப் போய்ப் பேசினார்.

பிறகு மெஷினில் இருந்த செல் தீர்ந்தது. சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும் குட்டிச் செல் அது. வாங்கும்போதே வட்டமான ஓர் அட்டையில் ஆறு கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். சுருளிவேலின் விரல்களுக்குள் அது நிற்காது. நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். அதனால் செல்லத்தாய்தான் மாற்றினாள். செல்லின் முதுகில் நீல நிறத்தில் ஒரு ஸ்டிக்கர், அதற்கு வால் மாதிரி ஒரு நீட்டம். அந்த வால் இடித்து மெஷினின் குட்டிக் கதவு மூடவில்லை. செல்லத்தாய் கத்தரிக்கோலை எடுத்து, வாலை மட்டும் சுத்தமாக நறுக்கிவிட்டுக் கதவை மூடினாள்.

சத்தம் வரவில்லை. அடுத்த செல்லை எடுத்தாள். அதற்கும் வாலை நறுக்கினாள். ஒன்றும் இல்லை. அட்டை முழுக்கச் சுற்றி வந்தாயிற்று.

“செல்லுல என்ன இருக்கு? ஆறுமா கெட்டுப் போகும்? காதுதான் போயிருச்சு” என்றார் சுருளிவேல்.

“தேனிக்கே போய்க் கேட்டுட்டு வருவோம்” என்று அவள் சைகை காட்டினாள்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். மெஷின் மாட்டிய அன்றைக்கே டாக்டர் சொல்லியிருந்தார்: காதில் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் குறைந்துபோனால் பிறகு மெஷினால் பிரயோசனம் இல்லை என்று. அந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காக மலை இறங்க அவருக்கு மனசில்லை. மெஷினை டப்பாவில் போட்டு, டப்பாவை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார்.

போன வாரம் யானை வந்தது. விடிந்து வெயில் ஏறுகிற நேரம். கீழ்த் தோட்டத்துக்காரர்கள் தகரத்தைத் தட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள், கூப்பாடு போடுகிறார்கள். சுருளிவேல் பாதையின் நடுவில் குனிந்து தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லத்தாய் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. யானை அதன் வழியில் போய்விட்டது. அவர்தான் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

“காது கேக்காதவனுக்குத் தோட்டம் ஆகாது. குத்தகைக்கு விட்டுட்டு ஊருல உக்காந்துக்கிருவோம்” என்று மறுநாளே சொல்லிவிட்டார். செல்லத்தாயின் ஒன்றுவிட்ட தம்பி சோலைமலைக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். இந்தத் தோட்டத்தின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஆள் அனுப்பினார், இன்றைக்கு வருகிறான்.

செல்லத்தாய்க்கு இதில் சம்மதமில்லை. சிலமலையில் உட்கார்ந்து என்ன செய்வார்? வாசலில் நாற்காலியைப் போட்டு, போகிற வருகிறவர்களின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

அவள் எழுந்து ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் என்றால் பச்சைக்காயைக் காயவைக்கிற சூட்டறை. அங்கே வேலைக்கு இருக்கும் ரேணுகா, சூடு பார்க்கிற மீட்டரின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

“என்னடி பண்ற?”

“மீட்டரு மங்குது அத்த. எண்ணு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. சூடு ஏறிப்போச்சுன்னா காய் வெளுத்துரும், மாமா என்னைய வெளுத்துருவாரு. செல்லு மாத்துறேன்.”

ரேணுகா பழைய செல்லைக் கவிழ்த்து உள்ளங்கையில் போட்டாள். செல்லத்தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏடி, இது மாமா காது மெசினு செல்லு மாதிரியே இருக்கு.”

“அது வேற நம்பரா இருக்கும் அத்த.”

“இரு, கொண்டாறேன்.”

டிரங்குப் பெட்டியைத் திறந்து டப்பாவையும் அட்டையையும் எடுத்து வந்தாள். இரண்டு செல்லையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ரேணுகா குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். ஒரே உயரம், ஒரே சுற்று. ஒன்றுக்கு மட்டும் முதுகில் நீலமாக ஒட்டியிருந்தது.

“உங்க அட்டையில 675னு போட்டிருக்கு. மீட்டரு செல்லுல எல்ஆர் 44. நான் வாங்கியாந்த அட்டையில ஏஜி 13. மொதத் தடவ தப்பா வாங்கிட்டேன்னு நெனச்சு போடிக்குத் திரும்பக் கொண்டு போனேன் அத்த. வாட்சுக் கடைக்காரரு சிரிக்கிறாரு. ‘ஒவ்வொரு கம்பெனிக்காரன் ஒவ்வொரு பேரு வப்பான், ஆளு ஒண்ணுதாம்மா’ங்கிறாரு. கால்குலேட்டரு, லேசர் லைட்டு, பாட்டுப் பாடுற பொம்ம, அம்புட்டுலயும் இதுதானாம்.”

“அப்ப இதையும் அதுல போடலாமா?”

“சைசு ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாதாம். காரு சாவியில ஒரு ரூவாக் காசு மாதிரி தட்டையா ஒண்ணு இருக்கும்ல, அதுக்கு ரெண்டு மடங்கு வேகம். அத இந்த மாதிரி மெசினுல அமுக்குனாக் கருகிப்போகும். இது ஒண்ணரை வோல்ட்டு. உங்களது என்ன போட்டிருக்கு?”

“கண்ணாடி இல்லடி. நீயே பாரு.”

ரேணுகா அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். “ஒண்ணு புள்ளி நாலு. ஒட்டுன தூரந்தான். போட்டுப் பாப்போமா?”

“எரிஞ்சு போச்சுன்னா?”

“செத்த மெசினுதான அத்த? இன்னொரு தடவயா சாகப் போகுது?”

ரேணுகா வாங்கி வந்த அட்டையில் மிச்சமிருந்த ஒரே புதுச் செல் மீட்டருக்குப் போயிற்று. உள்ளே காய் வெந்துகொண்டிருக்கும்போது சூட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. மீட்டரிலிருந்து கழற்றிய பழசைத் துணியில் துடைத்துக் காது மெஷினுக்குள் வைத்தாள் ரேணுகா. கதவு சொடக்கென்று மூடியது. மெஷினை உள்ளங்கைக்குள் பொத்தினாள்.

கீ என்று ஒரு சத்தம். குருவிக் குஞ்சு கையில் மாட்டிக்கொண்ட மாதிரி.

செல்லத்தாய் ரேணுகாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “என்னடி அது?”

“மெசினு கத்துது அத்த! பொத்துனாக் கத்தும்னு மாமாதான சொன்னாரு? உசுரோட இருக்கு!”

செல்லத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். சுருளிவேல் இன்னும் காம்புதான் கிள்ளிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து போய்க் காதில் மாட்டப் பார்த்தாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

“எதுக்கு வீணா? போனது போனதுதான்.”

அவள் விடவில்லை. தலையைப் பிடித்துத் திருப்பி, கோவில் மாட்டுக்குக் கொம்பில் பூச்சுற்றுகிற மாதிரி மாட்டி முடித்தாள். மூச்சு வாங்கியது. பழக்க தோசத்தில் வாய் தன் பாட்டுக்கு ஓடியது.

“நல்லது செய்ய விடுறாரா மனுசன். அந்தக் குதிரைக்கு இருக்கிற வெவரங்கூடக் கெடையாது.”

“எந்தக் குதிர?” என்றார் சுருளிவேல்.

செல்லத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எந்தக் குதிரைன்னு கேட்டேன்.”

“அது... நம்ம அய்யனாரு குதிரைங்க.”

“அதுக்கென்ன இப்ப?”

“ஒண்ணுமில்லங்க. நல்லா இருக்கு, பாவம்.”

பிறகுதான் அவருக்கே உறைத்தது. முறத்தைக் கீழே வைத்தார். ஸ்டோரில் காற்றாடி ஓடுவதைக் கேட்டார். குழாயில் எங்கோ தண்ணீர் கசிவதைக் கேட்டார். ரேணுகா கதவோரம் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பதையும் கேட்டார்.

“அப்ப காது போகலயா?”

“போகலங்க. காது, அது இருந்த எடத்துலதான் இருக்கு.”

அவர் எழுந்து வெளியே போய், ஏலச் செடிகளுக்கு நடுவில் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

சோலைமலை வந்தபோது சுருளிவேல் வாசலிலேயே இருந்தார். அவன் காரை நிறுத்திவிட்டு, நேரே அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து கத்தினான். “மச்சான்! சௌரியமா இருக்கீகளா!”

மெஷின் வீறிட்டது. சுருளிவேல் துள்ளி எழுந்தார்.

“ஏன் மாப்ளே கத்துற? கூரைத் தகரம் பேந்துக்கிட்டுப் போயிரும்.”

சோலைமலை அக்காவைப் பார்த்தான். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

“கேக்குதா மச்சான்?”

“கேக்குது. ஒங் காரு பிரேக்கு கிரீச்சுனு இழுக்குதே, அதுவும் கேக்குது. மலை எறங்குறதுக்கு முன்னாடி பாத்துரு.”

“அப்ப நான் வந்த சோலி?”

“வந்த சோலி காப்பி குடிக்கிறது. உக்காரு.”

சோலைமலைக்கு முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனாலும் வியாபாரி. விட்டுவிட்டு எழுந்துபோக மனசு வராது. யானையைப் பற்றிப் பேசினான், ஆள் கிடைக்காத கஷ்டத்தைப் பேசினான், இந்த வயதில் மலையில் என்ன வேலை என்று பேசினான். சுருளிவேல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு இடத்தில், “என்னது?” என்றார்.

சோலைமலை திரும்பச் சொன்னான்.

“என்னது?”

செல்லத்தாய் காப்பித் தம்ளரோடு நின்றுவிட்டாள். அவர் கை காதுக்குப் போயிற்று. மெஷினைத் தட்டினார், கழற்றினார், உள்ளங்கையில் பொத்தினார். குஞ்சு கத்தவில்லை.

“அது மீட்டருல கெடந்த பழஞ்செல்லுங்க! தீந்துபோன செல்லு!” என்று அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் அவள் வாயைப் பார்க்கவில்லை.

“கொஞ்ச நேரம் வந்து ஆசை காட்டிட்டுப் போகுது. அணையுற வெளக்கு மாதிரி” என்றார் மெதுவாக. பிறகு கையை நீட்டினார். “அட்வான்ச எடு மாப்ளே.”

சோலைமலை அக்காவைப் பார்க்காமலேயே பைக்குள் கையை விட்டான்.

“டேய், நான் வர்ற வரைக்கும் அந்தப் பையத் தொறந்த, தம்பின்னு பாக்க மாட்டேன்!” என்று சொல்லிவிட்டு, செல்லத்தாய் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தோட்டத்தில் டவர் கிடைப்பது மேட்டுப் பாறையில் மட்டும்தான். ஏறி நின்று, மெஷின் வாங்கிய தேனிக் கடைக்குப் போட்டாள். சுஜிதா என்ற பெண் எடுத்தாள். செல்லத்தாய் ஊரையும் புருசன் பேரையும் சொன்னாள்.

“அம்மா, சிலமலை சுருளிவேல் சாரா? ஞாபகம் இருக்கும்மா. சொல்லுங்க.”

“நீ குடுத்த ஆறு செல்லும் ஓடல தாயி. மீட்டருல கெடந்த எல்ஆர் 44, அது ஓடுச்சு. தெரு ஓரத்துச் செல்லு ஓடுது, ஒஞ் செல்லு ஓடலைன்னா என்ன அர்த்தம்?”

“அது அவசரத்துக்கு ஓடும்மா. ஆனா மீட்டரு கொஞ்சமாச் சாப்பிடும், காது மெஷினுக்குப் பசி ஜாஸ்தி. அந்தச் செல்லு தாங்காது. நம்ம செல்லு ஏன் ஓடல... ஸ்டிக்கரை உரிச்சுட்டுத்தான போட்டீங்க?”

செல்லத்தாய் குரலைத் தாழ்த்தினாள். “வால மட்டும் நறுக்கிட்டுப் போட்டேன்.”

“வாலையா?”

“கதவு மூடல. அதான் நறுக்குனேன். ஸ்டிக்கரை எதுக்கு உரிக்கணும்? காத்துப் பட்டா சத்துப் போயிராது? நாங்க காயையே பாலிதீன் பையில போட்டு, காத்தப் பிதுக்கி இறுக்கிக் கட்டித்தான் வப்போம். ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் வாசம் போயிரும், நெறம் போயிரும்.”

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

“அம்மா, இது உங்க காய்க்கு நேர் எதிரு. அந்த ஸ்டிக்கருக்குக் கீழ குட்டிக்குட்டி ஓட்டை இருக்கும். அது வழியா காத்து உள்ள போனாத்தான் செல்லுக்கு உயிரே வரும். நீங்க மூச்ச அடச்சே உள்ள வச்சிட்டீங்க. ஸ்டிக்கரை உரிச்சு, அஞ்சு நிமிசம் வெளிய வச்சுட்டு, அப்புறமா போடுங்க. ஒண்ணே ஒண்ண மட்டும் உரிங்க. உரிச்சுட்டா அப்புறம் நீங்க போட்டாலும் போடாட்டியும் அது தீந்துக்கிட்டேதான் இருக்கும்.”

“அப்ப மத்த அஞ்சும்?”

“அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலம்மா.”

“சாகலையா?”

“இன்னும் பொறக்கவே இல்ல.”

செல்லத்தாய்க்குப் பாறையிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் விட மனசில்லை.

“இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா தாயி?”

“சாருகிட்டத் தெளிவாச் சொன்னேனேம்மா. நீங்க கீழ டிபன் வாங்கப் போயிருந்தீங்க. ஒவ்வொண்ணுக்கும் சரி சரின்னு தலையாட்டினாரு.”

“அப்ப மெசினு அவரு காதுல இருந்துச்சா?”

சுஜிதா யோசித்தாள். “என் கையில வச்சுத்தான் காட்டிக்கிட்டிருந்தேன்.”

“அப்ப யாருகிட்ட சொன்ன?”

இப்போது இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது சோலைமலையின் பை மடியில் மூடியேதான் இருந்தது. அக்காவின் வாய்க்கு அவனுக்கு எப்போதும் பயம் உண்டு. செல்லத்தாய் மூச்சிரைக்க ரேணுகாவைக் கூப்பிட்டாள். வாலை நறுக்கிவிட்டதால் ஸ்டிக்கரைப் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. ரேணுகா சேலை ஊக்கைக் கழற்றி, ஓட்டையில் படாமல் ஓரத்தை நெம்பி, நகத்தால் உரித்தாள். உண்மையிலேயே கீழே எள்ளைவிடச் சின்னதாக ஓட்டைகள் இருந்தன. செல்லை முறத்தின் மேல் வைத்தார்கள்.

“அத எதுக்குக்கா வெளிய வச்சிருக்க?” என்றான் சோலைமலை.

“காத்து வாங்குது.”

“அப்படியே வைகை டேமுக்குக் கூட்டிட்டுப் போறதுதான?”

“நீ சும்மா இருடா. பேசுனா அதுக்கு மூச்சு முட்டும்.”

நாலு பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பொத்தான் அளவு செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருளிவேலுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செல்லத்தாய் அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நேரம் ஆனதும் ரேணுகா செல்லை உள்ளே வைத்து மூடினாள். பொத்தினாள். கீ.

இந்தத் தடவை சுருளிவேல் தானாகவே காதைக் கொடுத்தார்.

“கேக்குதாங்க?”

“ம்.”

“முன்ன மாதிரி போயிராது. ஸ்டிக்கரை நான்தான் உரிக்காமப் போட்டுட்டேன். வால நறுக்குனது நான்தான். நீங்க காது கேக்காமத் தலையாட்டுனதும் ஒரு காரணந்தான், அத அப்புறமா வச்சுக்கிருவோம்.”

அவர் அவளையே பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தாள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. உடனே துடைத்துக்கொண்டு சோலைமலை பக்கம் திரும்பினார்.

“மாப்ளே, குத்தகைப் பேச்ச விட்டுரு. அடுத்த தடவ யானை வந்தா ஒங்கக்காவுக்கு முன்னாடி நான் ஓடுவேன்.”

“ஓடுங்க மச்சான்” என்றான் சோலைமலை. அவனுக்கும் என்னவோ சிரிப்புத்தான் வந்தது. “காயையாவது எங்கிட்டப் போடுங்க.”

“வெலை காதுக்கு நல்லா இருந்தாப் போடுறேன்.”

ரேணுகா தீர்ந்த மீட்டர் செல்லையும் பிய்த்த ஸ்டிக்கரையும் பொறுக்கி, மூடி போட்ட டப்பாவில் போட்டு உத்தரத்துக்கு மேலே வைத்தாள். “எம் பிள்ள கண்ணுல பட்டா மிட்டாயின்னு வாயில போட்டுக்கிரும் அத்த. முழுங்கிட்டா தொண்டையையே அரிச்சுப்புடுமாம். வாட்சுக் கடைக்காரரு ரெண்டு தடவ சொன்னாரு.”

சோலைமலையின் கார் கிரீச்சென்று இழுத்துக்கொண்டே வளைவில் இறங்கியது. செல்லத்தாய் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காலையிலிருந்து ஓடிய ஓட்டத்துக்கு இப்போதுதான் கால் வலித்தது. மனசில் மட்டும் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தம்ளரைக் கழுவிக்கொண்டே, பழைய பழக்கத்தில், ஆனால் சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு சொன்னாள்.

“ஒரு மாசமா என்னைய இந்தப் பாடு படுத்திட்டு, இப்ப என்னமா உக்காந்திருக்கு பாரு, அய்யனாரு குதிர.”

வாசலிலிருந்து குரல் வந்தது.

“செல்லத்தாயி, அந்தக் குதிரைக்கு இன்னொரு காப்பி கொண்டா.”